கடலோரம் குடியேறலாமா?

பென்ஷன் வாங்கத் தொடங்கிவிட்ட நம்மவர்கள் இருவர் எங்கே சந்தித்தாலும் பேச்சு ஊர் உலகமெல்லாம் சுற்றிக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: "இனிமேல் எங்கே இருப்பதாக உத்தேசம்?" லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும், சங்கக் கூட்டம் முடிந்து காபி டம்ளருடன் நிற்கும்போதும் இதே கேள்விதான். முப்பது நாற்பது வருஷம் இந்த ஊரில் உழைத்தாயிற்று. பிள்ளைகள் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார்கள். நாம் இருக்கும் பிளாட்டோ மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. முழங்கால் ஒவ்வொரு படியையும் எண்ணிச் சொல்கிறது.

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் தாம்பரம், ஸ்ரீரங்கம், கும்பகோணம், கோயம்புத்தூர் என்று பதில் வரும். சில வருஷங்களாகப் புதிதாக ஒரு பதில் காதில் விழுகிறது: "கடலோரமாக ஒரு சின்ன ஊர்." பூரி என்கிறார் ஒருவர், கோபால்பூர் என்கிறார் இன்னொருவர். விசாகப்பட்டினத்தில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டவரும் உண்டு. புதுச்சேரி என்று சொல்பவர்களே அதிகம். நானும் என் மனைவியும் அப்படி யோசித்தவர்கள்தான். யோசித்ததோடு நிற்காமல், 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் முடிய ஆறு மாதம் புதுச்சேரியில் வாடகை வீட்டில் வாழ்ந்தும் பார்த்துவிட்டு வந்தோம். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்தையும் நம் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோர ஊர் சிலருக்கு நல்ல வீடாக அமையலாம். ஆனால் அதை நான்கு நாள் டூரில் தீர்மானிக்கக் கூடாது. அந்த ஊரின் மோசமான பருவத்தில், வாடகை வீட்டில், கொல்கத்தா வீட்டுச் சாவி இன்னும் நம் இடுப்பில் இருக்கும்போதே வாழ்ந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதைக் கடலை வைத்தே சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த விஷயத்தில் நம்மைச் சுற்றியுள்ள வங்காளிகள் நமக்கு முன்னோடிகள். "ஹவா பதல்" என்று அவர்கள் சொல்லும் காற்று மாற்றம் ஒரு தலைமுறைக்கு முன்வரை மத்தியதர வங்காளிக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. துர்கா பூஜை முடிந்ததும் பெட்டி படுக்கையுடன் ரயில் ஏறி மதுபூர், கிரிதி, ஷிமுல்தலா, தேவ்கர் என்று "பஷ்சிம்" பக்கம் போவார்கள். வயிற்றுக்கோளாறும் மலேரியாவும் அந்தத் தண்ணீரில் தீரும் என்பது நம்பிக்கை. வசதியுள்ளவர்கள் அங்கே தோட்டத்துடன் பங்களாவே கட்டினார்கள். அந்த வீடுகளில் எத்தனையோ இன்று பாழடைந்தும் கைமாறியும் போய்விட்டன. நான் வேலை நிமித்தம் அந்தப் பக்கம் போனபோதெல்லாம், பளிங்குப் பலகையில் வங்காளியில் வீட்டின் பெயர் பொறித்த வாசல்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஆடு மேயும். கட்டியவர்கள் ஏமாளிகள் அல்லர். இரண்டு மாதம் தங்க ஏற்ற ஊர் வேறு, பன்னிரண்டு மாதமும் வாழ ஏற்ற ஊர் வேறு என்பதை அடுத்த தலைமுறை கண்டுகொண்டது, அவ்வளவுதான்.

கடல் பக்கத்துக்கு வந்தால் பூரிதான் முதலிடம். குர்தா ரோடிலிருந்து பூரிக்கு 1897-இல் ரயில் வந்த பிறகு ஜகந்நாதர் தரிசனமும் கடல் காற்றும் ஒரே டிக்கெட்டில் கிடைத்தன. பெங்கால் நாக்பூர் ரயில்வேயே அங்கே ஓட்டல் நடத்தியது. இன்றும் அதை "பி.என்.ஆர். ஓட்டல்" என்றுதான் சொல்கிறார்கள். கடலோர ஊர்களை உண்டாக்கியதே ரயில்தான் என்று ரயில்வேக்காரனாகிய நான் சற்றுப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841-இல் ரயில் போன பிறகுதான் சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பிறகு அங்குள்ள கடலோர ஊர்கள் பலவும் ஓய்வு பெற்றவர்களின் ஊர்களாகவே ஆகிவிட்டன.

நம் பக்கத்துத் திகாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஜான் ஃபிராங்க் ஸ்னெயித் என்ற ஆங்கிலேய வியாபாரி 1923-இல் அங்கே வந்தவர். அந்தக் கடற்கரை பிடித்துப்போய் அங்கேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு முதல்வர் விதான் சந்திர ராயிடம் அந்த ஊரை மேம்படுத்தச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்பார்கள். 1964-இல் காலமாகி அங்கேயே அடக்கமானார். கல்கத்தாவிலிருந்து வந்து பார்த்து, தங்கி, அதையே சொந்த ஊராக்கிக்கொண்டவர் அவர். ஆனால் அவர் பார்த்த திகா வேறு. 2021 மே 26-ஆம் தேதி யாஸ் புயலின்போது கடல் சுவரைத் தாண்டி வந்து கடைத்தெருவில் அலை புரண்டதை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். பூரியும் 2019 மே 3-ஆம் தேதி ஃபானியிடம் பட்டது. கோபால்பூர் 2013 அக்டோபரில் ஃபைலினிடம் பட்டது. வங்காள விரிகுடாவின் ஓரத்தில் வீடு தேடுகிறவர் இந்த மூன்று பெயர்களையும் பத்திரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நிற்க. நாங்கள் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. தமிழ் பேசும் ஊர். ஹவுராவிலிருந்து வாரம் ஒரு முறை நேர் ரயில் உண்டு. ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்காளத்தையும் தமிழையும் ஏற்கெனவே ஒரே தெருவில் குடிவைத்துப் பார்த்த ஊர் அது. 1908-இல் பாரதியார் அங்கே போனார், 1918 வரை இருந்தார். 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கல்கத்தாவின் அரவிந்தர் அங்கே கப்பலில் போய் இறங்கினார். இருவரும் பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாத இடம் என்று போனவர்கள். பாரதியார் திரும்பினார், அரவிந்தர் 1950-இல் மறையும் வரை திரும்பவில்லை. கடலோர ஊர் ஒருவருக்குத் தங்குமிடமாகவும் ஒருவருக்கு வீடாகவும் ஆனதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்!

போகும்போதே மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். முதலாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் போய்ச் சேருவது. ஜனவரியில் போனால் எந்தக் கடற்கரையும் அழகாகத்தான் இருக்கும். பெண் பார்க்க வரும் நாளில் எந்த வீடும் சுத்தமாக இருப்பதைப்போல. இரண்டாவது, கடல் பார்த்த அபார்ட்மெண்ட் வேண்டாம், ஜனங்கள் வாழும் தெருவில் வீடு வேண்டும். மூன்றாவது, உறவினர் வீட்டில் தங்குவதில்லை. விருந்தாளிக்கு ஊரின் உண்மை தெரியாது. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்து, கரண்ட் பில் கட்டி, பால்காரரிடம் கணக்கு வைத்துக்கொண்டால்தான் தெரியும். முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீடு கிடைத்தது. பதினொரு மாத ஒப்பந்தம், கடல் நடந்து போகிற தூரம்.

முதல் மாதம் தேனிலவு மாதிரிதான் போயிற்று. அதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாலை 6 மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வயதானவர்கள் பயமில்லாமல் கைவீசி நடக்கலாம். ராஷ்பிஹாரி அவென்யூவில் மினிபஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நடந்து பழகிய கால்களுக்கு அது சொர்க்கம். பெரிய மார்க்கெட்டில் கீரை பத்து விதம். கோயில் மணி, மாதா கோயில் மணி, பாங்கு எல்லாம் காதில் விழும்.

இரண்டாவது மாதம் என் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்தவன், தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் பெரும்பகுதி கழித்தவன். கடலோர லைன்களில் தண்டவாளம் தேய்ந்து மாற்றுவதைவிட உப்புக் காற்றில் அரித்து மாற்றுவது அதிகம். தண்டவாளத்தின் அடிப்பாகத்தில், லைனர் உட்காரும் இடத்தில், வெளியே தெரியாமல் துரு தின்னும். அதற்கென்று கிரீஸும் தார் பெயிண்டும் பூசுவோம். வீட்டுக் கம்பியும் அதே இரும்புதான். காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள சிமெண்டைப் பிளந்து தள்ளும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரத்துக் கட்டடத்தைக் "கடுமையான சூழல்" என்று வகைப்படுத்துகிறது. அந்தச் சூழலில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும், எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டரே போதும். எத்தனை மேஸ்திரிகள் இந்த வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்பது அவரவர் ஊகத்துக்கு.

ஆகவே கடலோரத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் ஹாலின் டைல்ஸைப் பார்க்க வேண்டாம். பால்கனிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை இருந்தால் உள்ளே கம்பி அழுகிறது என்று அர்த்தம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தூண்களைப் பாருங்கள், ஜன்னல் கம்பியின் அடிமுனையைப் பாருங்கள். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். கரையோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சிய இடங்களில் கடல் நீர் உள்ளே ஏறிவிடும். ஹூக்ளித் தண்ணீரில் பருப்பு வேகவைத்துப் பழகியவர்களுக்கு அந்தத் தண்ணீரில் பருப்பும் வேகாது, சோப்பும் நுரைக்காது. நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும் விசாரியுங்கள். 1991-இல் முதலில் வந்த அந்த விதிகள் 2011-லும் 2019-லும் மாறியிருக்கின்றன. புரோக்கர் சொல்வது எந்த வருஷத்து விதி என்று கேளுங்கள்.

கடலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலையால்தான் மெரினா அவ்வளவு அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கரையை இழந்தது. புதுச்சேரியிலும் அதே கதை நடந்தது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலை தடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு ஊரின் மணற்கரை காணாமல் போய், கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. 2018-க்குப் பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் மணல் திரும்பி வந்திருக்கிறது. அதே கடற்கரையில் நின்ற பழைய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் சரிந்தது. "கடலிலிருந்து 200 மீட்டர்" என்று விளம்பரத்தில் படிப்பவர்கள், அந்த 200 மீட்டர் இருபது வருஷத்துக்குப் பிறகும் 200 மீட்டராகவே இருக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் ஸ்டேஷனும் தண்டவாளமும் பயணிகளோடு ஒரு ரயிலும் போனதை ரயில்வேக்காரர் எவரும் மறப்பதில்லை. அந்த லைன் திரும்பப் போடப்படவே இல்லை.

இனி புயலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கரையேறிய புயல் வழக்கம்போல் நகர்ந்து போகாமல் அங்கேயே நின்றுகொண்டது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை! கொல்கத்தாவில் 20 சென்டிமீட்டருக்கே நாம் பாலிகஞ்சில் படகு விட்டவர்கள். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் மெயின் லைனிலேயே ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு ரயில்வே பாலத் தூணிலும் அபாய அளவு எது, இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளம் எந்த வருஷம் எவ்வளவு என்று பெயிண்டில் எழுதி வைப்போம். வீட்டுக்கு அப்படி எழுதி வைப்பவர் இல்லை. வெள்ளை அடித்து மறைப்பவர்தான் உண்டு. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரைக் கேட்காமல் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள்: "2024-இல் தண்ணீர் எதுவரை வந்தது?" அவர் தன் காலில் தொட்டுக் காட்டுவார்.

எங்கள் தெருவில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஆனால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, போனில் சார்ஜ் இல்லை. இரண்டாம் நாள் காலை எதிர்வீட்டுத் தையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து, மாடிப்படியில் நின்று "ஐயா, அம்மா, எல்லாம் சௌக்கியமா?" என்று குரல் கொடுத்தார். கையில் இரண்டு பால் பாக்கெட், ஒரு குடம் குடிதண்ணீர். நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. அந்த மனிதரிடம் என் மனைவி இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான் பழக்கம்.

அதே நாளில் நமக்குத் தெரிந்த இன்னொரு கொல்கத்தாத் தம்பதி கடல் பார்த்த அடுக்குமாடி ஒன்றில் ஆறாவது மாடியில் இருந்தார்கள். சொந்த பிளாட், அழகான பால்கனி. ஆனால் அந்தக் கட்டடத்தில் பெரும்பாலான வீடுகள் சனி ஞாயிறுக்கு மட்டும் வருகிறவர்களுடையவை. லிப்ட் நின்றது, பம்ப் நின்றது, காவல்காரர் தம் குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு நாள் அவர்கள் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மார்ச்சில் பிளாட்டை விற்கப் போட்டுவிட்டார்கள். அவர்களை விரட்டியது புயல் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த மாமி என் மனைவியிடம் சொன்னது வேறு: "புயலை விடு, அந்த நிசப்தத்தைத்தான் தாங்க முடியவில்லை." வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் தேடிப்போகும் ஃபுளோரிடாவில் 2022 செப்டம்பரில் அடித்த இயன் புயலில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

இன்னொரு விஷயம், இது நம்மைப்போல வெளியே வாழும் தமிழர்களுக்கே உரியது. புதுச்சேரியில் எங்களைப் பார்த்து, "நீங்க பெங்காலியா?" என்று கேட்டார்கள். என் மனைவி காய்கறிக்காரரிடம் பழக்கதோஷத்தில் "கத்தோ?" என்று விலை கேட்டுவிடுவாள். எங்கள் தமிழ் நாற்பது வருஷத்துக்கு முந்தைய தமிழ். நாங்கள் சொல்லும் வார்த்தை சிலவற்றுக்கு இளைஞர்கள் சிரித்தார்கள், மரியாதையோடுதான். ஆசிரமத்துப் பக்கம் ஒரு வயதான வங்காள அம்மையாரைச் சந்தித்து மாசிமா என்று கூப்பிட்டு அரைமணி நேரம் இலிஷ் மீன் விலையையும் மழைக்கால கிச்சுரியையும் பேசியபோது (நாங்கள் மீன் தொடாதவர்கள் என்பது வேறு விஷயம்) சொந்த ஊர்க்காரரைப் பார்த்த ஆறுதல் எங்களுக்கு. கொல்கத்தாவில் நாம் மதராஸி, அங்கே பெங்காலி. தமிழ் பேசும் ஊருக்குப் போனால் சொந்த ஊருக்குப் போனதாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மொழி கதவைத் திறக்கும். உள்ளே உட்காரவைப்பது பழக்கம். அதற்கு வருஷங்கள் வேண்டும். லேக் மார்க்கெட்டில் பூக்காரர் வெள்ளிக்கிழமை என்றால் கேட்காமலே இரண்டு முழம் மல்லிகை எடுத்து வைக்கிறாரே, அதை எந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியாது.

அப்படியானால் கடலோரமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது. என் மனைவிக்கு மூச்சு இளைப்பு உண்டு. கொல்கத்தாவின் டிசம்பர், ஜனவரிப் புகைமூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் நெபுலைசரும் கையுமாக இருப்பவள். அந்தக் குளிர்காலத்தில் புதுச்சேரியில் ஒரு நாள்கூட அதைத் தொடவில்லை. "இங்கே என் நெஞ்சு என்னுடையதாக இருக்குதுங்க" என்று அவள் சொன்னதை நான் எந்த ஐ.எஸ். தரத்தாலும் அளக்க முடியாது. அவள் திரும்ப வர மனமில்லாமல்தான் வந்தாள் என்பதையும் மறைக்கவில்லை. ஆகவே இந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பலரும் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி அது: "நம்மில் ஒருவர் போய்விட்டால், மிஞ்சியவர் இங்கே தனியாக இருக்க முடியுமா?" வீடு வாங்குவது எப்போதும் இருவர் சேர்ந்து செய்யும் யோசனை. ஆனால் அந்த வீட்டின் கடைசி வருஷங்களை வாழப்போவது பெரும்பாலும் ஒருவர்தான். அந்த ஒருவருக்குப் பாங்கு வேலை தெரியுமா, பக்கத்து வீட்டில் யாரைத் தெரியும், நடுராத்திரி மார்பு வலித்தால் யார் ஆட்டோ பிடிப்பார்கள்? நாங்கள் ஒரு நாள் இரவு 11 மணிக்கு வேண்டுமென்றே ஆட்டோ தேடி ஜிப்மர் வாசல் வரை போய் நேரம் பார்த்தோம். ஆட்டோ கிடைக்க 25 நிமிஷம், போக 15 நிமிஷம். ரயில்வே பென்ஷன்காரர்கள் தங்கள் கார்டைக் கொண்டு பெரிய ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் பெரம்பூர்தான், அதாவது நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். இங்கே எங்களுக்குக் கார்டன் ரீச் இருக்கிறது. இந்தக் கணக்கையெல்லாம் காகிதத்தில் எழுதி, இரண்டு பத்தியாகப் பிரித்து, இருவரும் தனித்தனியே மார்க் போட வேண்டும். கணவர் ஒரு ஊரும் மனைவி ஒரு ஊரும் தேர்ந்தெடுத்தால் கலங்க வேண்டாம். வாங்குவதற்கு முன்பே தெரிந்ததே நல்லது.

எங்கள் இப்போதைய முடிவைச் சொல்கிறேன், பிறருக்கு உதவுமானால். கொல்கத்தாவில் மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, புதுச்சேரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டு பருவமும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது நமக்குக் கிடைத்த வசதி. டிசம்பர் நடுவில் போய் மார்ச் கடைசியில் திரும்புவது என்று வைத்திருக்கிறோம். அதே தெரு, அதே வீடு, வாடகைதான். வாங்கவில்லை. லேக் மார்க்கெட் பிளாட்டை விற்கவும் இல்லை. வாடகை வீண் செலவு என்பவர்களுக்கு என் பதில்: கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்ற இரண்டையும் வயதில் ஒரு முறை செய்தால் போதும். அறுபத்தேழில் நமக்கு வேண்டியது சொத்து அல்ல, திரும்பி வர ஒரு கதவு. ஒரு முழு வருஷம், எல்லாப் பருவமும், ஒரு கத்திரி வெயிலும் சேர்த்து அங்கே வாழ்ந்த பிறகும் மனம் அங்கேயே நின்றால் அப்போது விற்கலாம், வாங்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் ஊர்விட்டுப் போக நினைப்பதற்குக் காரணம் கடல் மட்டும் அல்ல. இங்கேயே, மூன்றாவது மாடியில், வாசலில் வைத்த பால் பாக்கெட் ஒன்பது மணிவரை எடுக்கப்படாமல் கிடந்தால் கவனிக்கிறவர் இருக்கிறார்களா என்ற சந்தேகமும்தான். அந்தச் சந்தேகம் புதுச்சேரிக்குப் போனாலும் பெட்டியில் கூடவே வரும். எழுபதைத் தாண்டிய உறுப்பினர்கள், தனியாக இருப்பவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைச் சங்கம் தயாரிக்கட்டும். தெருவாரியாகப் பிரித்து, தினம் காலையில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு போன் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. லேக் ரோடு, சரத் போஸ் ரோடு, ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்துப் பெயர்களைச் சேர்த்து எழுதும் வேலையை மார்ச் முடிந்து நான் திரும்பியதும் ஏற்கத் தயார். ஏற்கெனவே வெளியூரில் குடியேறிவிட்ட பழைய உறுப்பினர்கள் தங்கள் ஊரின் தண்ணீர், ஆஸ்பத்திரி, வாடகை, அக்கம்பக்கம் பற்றி இந்தப் பத்திரிகைக்கு நான்கு வரி எழுதினால், அடுத்து யோசிப்பவர்களுக்கு விளம்பரக் காகிதத்தைவிட அது பயன்படும். நல்லதை மட்டும் எழுதாமல், மழை பெய்த நாளைப் பற்றியும் எழுதுங்கள்.